நெல்லைக்கே திரும்பிவிடலாமா, அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 27. ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதழியல் முடித்துவிட்டு, நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் டெஸ்க்கில் துணை ஆசிரியராக இருக்கிறேன். ஸ்க்ரோல் அடிப்பதும், மாவட்டங்களிலிருந்து வரும் காட்சிகளுக்குச் செய்தி எழுதிக் கொடுப்பதும்தான் வேலை. 2023 டிசம்பர் தென் மாவட்ட வெள்ளத்தின்போது, "ஏரல் எங்கே இருக்கிறது?" என்று டெஸ்க்கில் கேட்டார்கள். அன்றிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

ஒரு நாளிதழின் நெல்லைப் பதிப்பில் நிருபர் வேலைக்கு வரும் வெள்ளிக்கிழமை பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது 32,000 ரூபாய் வாங்குகிறேன். அங்கே 19,000 என்கிறார்கள். என் சேனலோ, தென்காசிக்கு ஸ்ட்ரிங்கராகப் போ, செய்திக்கு இவ்வளவு என்று தருகிறோம் என்கிறது. சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கிவிடு என்கிறாள் ஒரு தோழி. மூத்தவர்கள் எல்லாரும், "ஊருக்குப் போனால் உன் கதை முடிந்தது" என்கிறார்கள். அம்மாவுக்கு நான் வருவதில் சந்தோஷம்தான். ஆனால் "போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேண்டியிருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் ஸ்ட்ரிங்கராகப் போகாதீர்கள். யூடியூபை இப்போதைக்குத் தொடாதீர்கள். நாளிதழ் வேலையை, வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்கப்போகும் சில கேள்விகளுக்கு நேரான பதில் கிடைத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தலைமைச் செயலகம், கட்சி அலுவலகங்கள், சினிமா, விவாத மேடை, ஆசிரியர் நாற்காலி எல்லாம் சென்னையில் இருக்கின்றன. நெறியாளராக வேண்டும், செய்தி ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை உள்ளூர இருந்தால் சென்னையை விடாதீர்கள். மாவட்டத்தில் பல காலம் உழைத்த நிருபரைக் கூப்பிட்டுத் தலைமை அலுவலகம் பெரிய பொறுப்பு கொடுத்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மதுரையிலும் பாளையங்கோட்டையிலுமாக என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற முறையில் இதைக் கசப்பில்லாமல் சொல்கிறேன். ஆனால் அந்த ஆசையின் வாடைகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

மற்ற பாதி, தமிழ்ப் பத்திரிகைகள் எங்கே வளர்ந்தன என்று தெரியாதவர்களின் பேச்சு. தினத்தந்தி 1942-இல் மதுரையில் தொடங்கியது. தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1957-இல் நெல்லைக்கு வந்தது. சென்னைக்குப் போனது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆலங்குளத்து டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பவர் முதலில் தேடுவது தன் மாவட்டப் பக்கத்தை. அந்தப் பக்கம் இல்லாமல் தென் மாவட்டங்களில் ஒரு நாளிதழ் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது. விவாத மேடையில் நான்கு பேர் கத்துவதைவிட அதற்கு வாசகர் அதிகம் என்பது என் கட்சி.

பெயர் வராது என்ற பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1986-இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகளைப் பற்றி ஓர் ஆங்கில இதழ் அட்டைக் கட்டுரை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது 1992-இல். 1990-களில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் சுற்றித் திரிந்து எழுதியவை இன்றும் இதழியல் வகுப்புகளில் பேசப்படுகின்றன. இரண்டுமே வெளியிலிருந்து வந்தவர்களின் எழுத்து. உசிலம்பட்டிக்கு அன்றாடம் பஸ்ஸில் போய்வந்து செய்தி சேகரித்த உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே நடந்தது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தவர்கள் ஏன் எழுதவில்லை? நீங்கள் ஊருக்குப் போவதற்கு முன் யோசிக்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். மாவட்டத்தில் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. தெரிந்ததை எழுத விடாமல் கையைப் பிடிக்கும் ஆட்கள்தான் அங்கே அதிகம், அவர்களில் பாதிப் பேர் உங்களுக்குப் பணம் கொடுப்பவர்களாக இருப்பார்கள்.

முதலில் செய்தியைப் பற்றிப் பேசுவோம், அது சந்தோஷமான பகுதி. திங்கள்கிழமை காலையில் கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலக வாசலில் போய் நில்லுங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். வருபவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். 2017 அக்டோபர் 23-ஆம் தேதிக்குப் பிறகு இறுகிய சோதனை அது. கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்து ஓய்ந்துபோன காசிதர்மத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்திலேயே தீக்கிரையான நாள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அவர்கள் முன்பு கொடுத்த மனுக்கள் எந்த மேஜையில் கிடந்தன என்று எல்லாரும் கேட்கத் தொடங்கியது அவர்கள் எரிந்த புகைப்படம் வெளிவந்த பிறகுதான்.

இன்றைக்கும் கேமராக்கள் வாசலில்தான் நிற்கின்றன. காலிக் குடத்தோடு வருபவர், மனுக்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டு வருபவர் என்று ஏதாவது ஒரு காட்சி கிடைத்துவிடும். நீங்கள் உள்ளே போய், மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரே சர்வே எண் மூன்று வேறு மனுக்களில் வரும். பக்கத்தில் குந்தியிருக்கும் ஆச்சியின் மஞ்சள் பையைப் பிரித்தால், மேலே இன்றைய மனு, அதன் கீழே போன வருஷத்து ரசீது, அதற்கும் கீழே மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய பழைய நகல். கலெக்டர்கள் மாறிக்கொண்டே இருந்திருப்பார்கள், பட்டாவில் இருக்கும் பிழை மட்டும் மாறியிருக்காது. இதைப் படிக்க ஒரு நிருபருக்கு நேரம் வேண்டும். அதே ஆச்சியின் வீட்டுக்கு அடுத்த வாரமும் போய்வர முடிய வேண்டும். சென்னையிலிருந்து வரும் குழுவால் முதலாவதே முடியாது, இரண்டாவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆண்டுதோறும் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம், கிராம சபை இவற்றையும் விடாதீர்கள். ஜமாபந்தி நாளில் கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலக மேஜைக்கு வந்தாக வேண்டும். அன்றைக்குப் போய் உட்காரும் நிருபர்களை விரல் விட்டு எண்ணலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்க 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராமல் போனால் அதுவும் ஒரு செய்திதான்.

அப்புறம் மதுரை. 2004 ஜூலை 24-இல் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்ட பிறகு, கன்னியாகுமரியிலிருந்து கரூர், தஞ்சாவூர் வரைக்குமான வழக்குகள் அங்கேதான் போகின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, தானாக முன்வந்து வழக்கை எடுத்தது மதுரைக் கிளை. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் காவல் நிலையத்தில் தான் எப்படி நடத்தப்பட்டார் என்று அனுப்பிய அறிக்கையும், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்ன உத்தரவும் அங்கே பிறந்தவை. சென்னையில் நீதிமன்றச் செய்தி எழுதும் நிருபர்கள் நிறைய. மதுரைக் கிளையின் உத்தரவைப் படித்துவிட்டு, அது தொட்ட ஊருக்கே போய், உத்தரவு அமலானதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? நெல்லையிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே உங்கள் பெயர் சென்னைக்குத் தானாகப் போய்ச் சேரும்.

வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ், ஏரல் பாலம். செல்போன் கோபுரங்கள் செத்துப்போன அந்த இரண்டு நாளில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து காட்சி எடுத்தவர்கள் ஸ்ட்ரிங்கர்கள். ஆகவே, ஸ்ட்ரிங்கராகப் போகாதீர்கள் என்று சொல்வது அவர்களைத் தாழ்த்தி அல்ல. உங்கள் டெஸ்க் அவர்களுக்கு என்ன கொடுக்கிறது என்பது உங்களுக்கே தெரியும் என்பதால்தான்.

கணக்கைப் பாருங்கள். கேமரா அவருடையது, பைக் அவருடையது, பெட்ரோல் அவருடையது. சேனல் கொடுப்பது மைக்கில் மாட்ட ஒரு லோகோ. செய்தி ஒளிபரப்பானால் பணம், ஆகாவிட்டால் இல்லை. அந்தப் பணமும் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். எது உறுதியாக ஒளிபரப்பாகும்? விபத்து, வெட்டு, கோயில் கொடை, அமைச்சர் வருகை. மனு எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். கட்டுப்படியாகாததால் ஒரே காட்சியை மூன்று சேனலுக்குக் கொடுப்பார். அதுவும் போதாமல்தான் விளம்பரம் பிடிக்கப் போவார். கதை அங்கேதான் கெடுகிறது.

நாளிதழ்களிலும் இந்தக் கதை உண்டு. தாலுகா நிருபரே பேப்பர் ஏஜென்டாக இருப்பார், அவரே விளம்பரமும் வாங்குவார். தீபாவளி, ஆண்டு விழா மலர் என்று வந்துவிட்டால் நிர்வாகத்திலிருந்து ஓர் இலக்கு வரும். பள்ளித் தாளாளர், நகைக்கடை, ஒன்றியச் செயலாளர், கல்குவாரி அதிபர் என்று வரிசையாகப் போய் வாசலில் நிற்க வேண்டும். நெல்லையிலும் தென்காசியிலும் குவாரியைப் பற்றி எழுதாமல் ஒருவர் நிருபர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் கனிம லாரிகளை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஐப்பசியில் ஒரு குவாரிக்காரரிடம் வாழ்த்து விளம்பரம் வாங்கியவர், சித்திரையில் அவருடைய குவாரியில் வெடி வைக்கும் நேரத்தைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பார்? கேட்கமாட்டார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. வீட்டு வாடகை அந்தக் கமிஷனில் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: செய்தி மாவட்டத்துக்குள்ளிருந்து வரட்டும், பணம் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். 19,000 ரூபாய் நாளிதழ் நிர்வாகம் மாதச் சம்பளமாகத் தருவது என்றால், குறைவாக இருந்தாலும் சுத்தமான காசு. சென்னையில் 32,000-இல் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பொங்கலுக்கும் கொடைக்கும் ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாம் கழித்து மீதி என்ன நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும். இல்லாமல் போகாது, அதனால் அதை எங்கிருந்து ஈடு கட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். டெஸ்க்கில் இருந்தவருக்கு மொழிபெயர்ப்பு வரும், ஆவணப்படங்களுக்குச் சப்டைட்டில் எழுத வரும். இவற்றைச் சென்னையிலிருந்தே வாங்கிச் செய்யலாம். பல்கலைக்கழகத்தில் கௌரவ விரிவுரையாளராக வாரம் ஒரு வகுப்பு கேட்டுப் பாருங்கள். நாளிதழின் அனுமதி எழுத்தில் இருந்தால் வேறு மொழி வெளியீடுகளுக்கும் எழுதலாம். சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்கிற ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம், கிராமங்களிலிருந்து எழுதுபவர்களைத் தேடியது, தமிழிலும் வெளியிட்டது; இப்போதும் புதியவற்றை வாங்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். அழகு தேவையில்லை, தெளிவு போதும்.

உத்தரப் பிரதேசத்துச் சித்திரகூட்டில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய கபர் லஹரியா பத்திரிகை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலித் பெண்கள் பலர் அதில் நிருபர்கள். உள்ளூர் மொழியான புந்தேலியில் எழுதினார்கள், பிறகு செல்போனில் வீடியோவுக்கு மாறினார்கள். அவர்களின் துணிச்சலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தொடக்கத்தில் டெல்லியைச் சேர்ந்த நிரந்தர் என்ற அமைப்பு பின்னால் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சித்திரகூட்டு ஒப்பந்ததாரரின் விளம்பரத்தை நம்பித் தொடங்கியிருந்தால் அந்தப் பத்திரிகை என்னவாகியிருக்கும்?

யூடியூபை வேண்டாம் என்றதற்கும் காரணம் இதுவே. உங்கள் தோழி புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன வீரமங்கலத்தை நினைத்துச் சொல்கிறார் போலிருக்கிறது. அங்கிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் என்ற சமையல் சேனல் 2021-இல் தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் பிரியாணியை மலேசியாவில் இருப்பவரும் பார்ப்பார். ஆலங்குளம் பேரூராட்சிக் குப்பைக் கிடங்கை ஆலங்குளத்துக்காரர் மட்டுமே பார்ப்பார், அந்த எண்ணிக்கைக்கு யூடியூப் தரும் காசு டீச்செலவுக்குக் காணாது. உடனே உள்ளூர் விளம்பரம், கட்சிக்காரர் பேட்டி என்று இறங்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு ஆண்டு நாளிதழில் ஓடி, நான்கு அலுவலகங்களில் உங்கள் பெயர் நின்ற பிறகு தொடங்குங்கள்.

பணம் வைத்த கவரை வாங்குவதைப் பற்றித் தனியாக எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் முதல் வாரத்திலேயே வரும். செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் பேனா, குறிப்பேட்டோடு சேர்த்து நீட்டுவார்கள். அங்கே நின்று நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். பக்கத்தில் வாங்கிக்கொண்டிருப்பவருக்குச் சம்பளமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாது. அறிக்கையை வாங்கிக்கொண்டு, கேள்வியைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் நான்காவது முறை உங்களிடம் நீட்ட மாட்டார்கள்.

இனி, எழுதுவதற்குச் சங்கடமான பகுதி. சென்னையில் நீங்கள் ரிப்போர்ட்டர். ஆலங்குளத்தில் "யார் மகள்?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி போடுவார்கள். அப்பா பெயரைத் தெரிந்துகொள்ளும் ஆவல் இல்லை அது, சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. அப்படி ஒரு செய்தியை நீங்கள் எழுதும்போது, எழுதியது என்ன என்று படிப்பதற்கு முன் எழுதியவர் யார் என்று விசாரிப்பார்கள். உங்கள் சாதிக்காரர்கள் உரிமையோடு தொலைபேசியில் அழைப்பார்கள், மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இரண்டில் முதலாவதுதான் கஷ்டம். சித்தப்பா முறை உள்ளவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போவார், உங்களிடம் பேசமாட்டார்.

இதனால்தான் சொல்கிறேன், சொந்த கிராமத்தில் தங்காதீர்கள். பாளையங்கோட்டையில் அறை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். முதல் ஓராண்டுக்கு ஆலங்குளம் ஒன்றியச் செய்திகளைத் தொட மாட்டேன் என்று பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் ஒரு பேர் எடுத்த பிறகு சொந்த ஒன்றியத்துக்கு வரலாம். இதில் வருத்தம் உண்டு, நீங்கள் போக நினைப்பதே அந்த ஊருக்காக என்று தெரிகிறது. இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு: ஆமாம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். அவரிடம் மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. காவல் துறையின் இணையதளத்தில் தேடிப் படித்துவிட்டுப் பகலில் போனால், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் இடத்தில் இல்லாமல் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பீர்கள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாவிட்டால் சென்னையை விடுவதற்கு முன் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். மாவட்டத்தில் பெண் நிருபருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் கிடையாது. கடைசி பஸ்ஸுக்காகக் கூட்டத்தின் பாதியில் எழுந்து போவதும், "நான் கொண்டுவந்து விடுகிறேன்" என்ற உபசாரமும் அதோடு போய்விடும்.

ஆபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் சொல்லியும் வெட்டப்பட்டார். பிழைத்துக்கொண்டார். சென்னையில் உங்களுக்கு ஏதாவது என்றால் அரை மணி நேரத்தில் பிரஸ் கிளப்பில் கூட்டம் கூடும். மாவட்டத்தில் நீங்கள்தான் உங்களுக்குக் கூட்டம் சேர்த்து வைத்திருக்க வேண்டும்: நெல்லையில் ஒரு வழக்கறிஞர், மதுரையில் ஒருவர், சென்னையில் எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய ஓர் ஆசிரியர், பக்கத்து மாவட்டத்தில் இரண்டு பெண் நிருபர்கள். எதிரான செய்தி ஒன்று வெளிவரும் நாளில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது இவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மா சுளகை மடியில் வைத்துச் சுற்றிக் கட்டுக் கட்டி, பீடிக்கடையில் கொண்டுபோய் ஒப்படைக்கிறபோது எத்தனை கழிவு என்று தள்ளுகிறார்கள், அந்தக் கழிவு என்ன ஆகிறது, பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாமல் பி.எஃப். பணம் எத்தனை பேருக்கு நிற்கிறது, முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு என்ன மருந்து கிடைக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குக் கேட்காமலே தெரியும். நெல்லைக்கு வரும் எந்த நிருபரும் இதைப் புரிந்துகொள்ள ஆறு மாதமாவது வேண்டும். உங்கள் முதல் தொடர் இதுவாக இருக்கட்டும். ஆலங்குளத்தில் தொடங்காமல் மேலப்பாளையத்தில் தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். சம்பளத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். நியமனக் கடிதத்தில் "நிருபர்" என்று இருக்குமா, "பகுதி நேரம்" என்று இருக்குமா என்று கேளுங்கள். அரசின் அடையாள அட்டை, பத்திரிகையாளர் நல வாரியம் என்று பின்னால் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். விளம்பர இலக்கு உண்டா என்று நேராகக் கேளுங்கள். "கட்டாயம் எல்லாம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், உண்டு என்று அர்த்தம். அப்படியானால், விளம்பரப் பிரிவுக்குத் தனி ஆள் இருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் செய்திக்காக அவதூறு வழக்கு வந்தால் வழக்கறிஞர் செலவு யாருடையது என்று கேளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவில் போடப்படும் வழக்குக்கு நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டிவரும், நிர்வாகம் கூட வருமா என்பது முன்பே தெரிந்தாக வேண்டும். பெட்ரோல் படி, விபத்துக் காப்பீடு, மாதம் ஒரு முறை மதுரை போய்வரும் செலவு ஆகியவற்றையும் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு 19,000-ஐ 22,000 ஆக்கச் சொல்லுங்கள். கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன், டெஸ்க்கில் பழகியவர் பிழையில்லாமல் செய்தி அனுப்பினால் அவர்களுக்கு ஓர் ஆள் வேலை மிச்சம்.

சேரும் தேதியைத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர இலக்கு பற்றி வெள்ளிக்கிழமை சொன்ன வார்த்தை எந்த அளவுக்கு உண்மை என்பது அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். பொய் என்றால், ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கும் நிலையில், பொங்கலுக்குள் சென்னைக்கோ மதுரைக்கோ வேறு வேலைக்கு எழுதிவிடலாம். இப்போது இருக்கும் சேனலில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். உங்கள் ஆசிரியரிடம் நன்றி சொல்லி, நெல்லையிலிருந்து அழைத்தால் எடுப்பார் என்பதை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

நியமனக் கடிதத்தின் வரைவு கையில் கிடைத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா